பீரங்கி அதிகாரியின் இடது காது

என் கணவருக்கு இடது காது கேட்காது என்பதை முதன்முதலில் எனக்குச் சொன்னவர், சைகோனின் கான் ஹொய் துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் ஆட்களின் மேஸ்திரி. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்று பிற்பகல் என் கணவரைத் தன் மோட்டார் பைக்கின் பின்னால் உட்கார வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். என் கணவரின் சட்டை தோளில் கிழிந்து தொங்கியது. முழங்காலில் ரத்தம். கப்பலில் ஏற்றவிருந்த அரிசி மூட்டைகளைப் பார்வையிட்டுக்கொண்டு நின்றவரை நோக்கி ஃபோர்க்லிஃப்ட் என்கிற மூட்டை தூக்கும் வண்டி ஒன்று பின்வாங்கி வந்திருக்கிறது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். இவர் திரும்பவே இல்லை. மேஸ்திரி ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளியிருக்கிறார். இல்லாவிட்டால் அன்றைக்கே என் தாலி போயிருக்கும்.

மேஸ்திரிக்குத் தேநீர் கொடுத்து உட்கார வைத்தேன். என் கணவருக்கு வியட்நாமிய மொழியில் வணக்கமும் நன்றியும் தவிர ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் இந்த ஊரில் பிறந்தவள். ஆனால் பன்னிரண்டு வயதில் விட்டுப் போனதால் என் பேச்சும் பன்னிரண்டு வயதோடு நின்றுவிட்டது. பெரியவர்களிடம் பேசும் சிறுமியைப் போல என்னை நானே ‘கோன்’, அதாவது குழந்தை, என்று சொல்லிக்கொள்வேன். நரைத்த தலையோடு ஒருத்தி அப்படிப் பேசினால் சந்தைக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மேஸ்திரியும் முதலில் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அக்கா, அவரை எடது பக்கத்துலேர்ந்து கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்ல. அந்தக் காதுல எதுவும் விழாது. துறைமுகத்துல எங்க எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு வண்டி ஓட்டுனவன் புதுசு.”

நான் சிரித்துவிட்டேன். அவர் கடற்படையில் கமாண்டராக இருந்தவர், காது கேட்காதவனிடம் யார் கப்பலைக் கொடுப்பார்கள் என்று கேட்டேன். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியாதா?” என்றார். கேலியாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். பாவம் பார்த்துக் கேட்டார்.

அவர் போன பிறகு என் கணவர் முழங்காலில் கட்டோடு நாற்காலியில் சாய்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வலது பக்கம் மேசை விசிறி இரைந்துகொண்டிருந்தது; நான் பின்னால் இடது பக்கமாகப் போய் நின்றேன். “இட்லி ஆறிப்போச்சு” என்றேன். அசையவில்லை. “வீடு தீப்பிடிச்சு எரியுது” என்றேன். அசையவில்லை. “நான் உங்கள விட்டுட்டுப் போறேன்” என்றேன். அவர் நிதானமாகப் பக்கத்தைத் திருப்பினார்.

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். குடிக்கவும் இல்லை, கழுவவும் இல்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

என் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்துக்காரர். பள்ளிக்கூடம் முடித்ததும் கடற்படைக்குப் போனவர். கொச்சியில் பீரங்கிப் பயிற்சி பெற்றார். கப்பல் பீரங்கிதான் அவருடைய துறை; எந்தத் தூரத்தில், எந்தக் காற்றில், எந்தக் கோணத்தில் சுட வேண்டும் என்று சொல்லும் அதிகாரி. விசாகப்பட்டினம், பம்பாய், அந்தமான் என்று மாறி மாறி வேலை. கடைசியில் ஒரு ரோந்துக் கப்பலுக்குத் தலைவராகவும் இருந்தார். அந்தக் கப்பலை அவர் ஏற்றுக்கொண்ட நாளில் வெள்ளைச் சீருடையில் அவரைப் பார்த்து என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். மீதிப் பாதியில் வீட்டில் இருப்பார், ஆனால் பேசமாட்டார்.

பேசமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். நான் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். சில சமயம் பதில் வரும், பல சமயம் வராது. “செவிடன் காதுல ஊதுன சங்குதான்” என்று நான் தலையில் அடித்துக்கொள்ளாத வாரம் இல்லை. அதைக் கேட்டால் சிரிப்பார். எப்போது சிரித்தார், எப்போது சிரிக்கவில்லை என்று நான் கவனித்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். எதிரில் நின்று சொன்னபோது மட்டுமே சிரித்தார்.

வெளியில் அவருக்கு வேறு பெயர். கடற்படைக் குடும்பங்கள் கூடும் விருந்துகளில் மற்ற அதிகாரிகளின் மனைவிமார் என்னிடம் வந்து, உன் வீட்டுக்காரர் மாதிரி யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை என்பார்கள். யார் பேசினாலும் உடம்பையே அவர்கள் பக்கம் திருப்பி, முகத்தைப் பார்த்துக் கேட்பாராம். “வீட்டுக்கு வந்து பாருங்க” என்பேன் நான். வரிசையாக நாற்காலி போட்டிருந்தால் இடது கோடி நாற்காலியில்தான் உட்காருவார். அந்தப் பக்கம் சுவர் இருந்தால் இன்னும் நல்லது. கேட்டால், எதிரி வரும் திசையைக் குறைத்துக்கொள்வது பீரங்கிக்காரன் புத்தி என்பார்.

நடந்து போகும்போது என்னை எப்போதும் தன் வலது பக்கம்தான் நடக்கச் சொல்வார். நான் மறந்துபோய் இடது பக்கம் வந்துவிட்டால் தோளைத் தொட்டு மாற்றி நிறுத்துவார். கடற்படையில் மூத்தவருக்கு வலது பக்கம், இளையவருக்கு இடது பக்கம் என்று ஒரு மரியாதை உண்டு. கல்யாணமான புதிதில் அதைச் சொல்லி, “நம்ம வீட்டுல நீதான் சீனியர்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனையோ கோபங்களை விழுங்கியிருக்கிறேன். என் தங்கை முறையுள்ள பெண்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இனி அப்பாவைப் பற்றி. அப்பா காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்து கான் ஹொய் கிடங்கு ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர். அம்மா நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே இங்கே இறந்துவிட்டாள். போர் முடிந்து நகரம் கைமாறிய பிறகு கிடங்கு அரசாங்கத்திடம் போனது, அப்பாவின் வேலையும் போனது. ஒரு பெட்டியும் என்னையும் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். காரைக்காலில் வாடகை வீட்டில் ஒண்டியாக இருந்துகொண்டு என்னைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தார். இளநீர்க்காரனைப் பார்த்துக்கூட ‘போன்ழூர்’ என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். கப்பல்காரர் மாப்பிள்ளையாக வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

நாங்கள் விசாகப்பட்டினத்தில் இருந்தபோது அப்பாவுக்கு மூச்சிரைப்பு அதிகமானது. சமைத்துச் சாப்பிட முடியவில்லை. அவரை எங்களோடு கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என் மாமியார் இருந்தார். அவர் காதில் விழும்படி இதைப் பேச முடியாது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவதா என்று ஊர் கேட்கும் என்பார். எங்கள் இருவருக்கும் தனியாகப் பேசக் கிடைத்த ஒரே இடம் ஸ்கூட்டர். கால்களை இடது பக்கம் தொங்கப் போட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு அவருடைய இடது தோளுக்கு மேல் வாயைக் கொண்டுபோய்த்தான் குடும்ப விஷயம் எல்லாவற்றையும் பேசுவேன்.

அன்று ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் ஸ்கூட்டரை அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நின்றார். தலையில் ஹெல்மெட். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் குரலை அடக்கிச் சொன்னேன். “என்னாங்க, அப்பாவுக்கு முடியலீங்க. நம்மளோட கொண்டுவந்து வெச்சுக்கலாமா? ஒங்களுக்குச் சம்மதம்னா நாளைக்கே எழுதிப் போடறேன்.”

அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் வந்தது, போய்க்கொண்டே இருந்தது. “இன்னிக்கு சரக்கு வண்டி ரொம்ப நீளம்” என்றார். கேட் திறந்தது. ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று சொன்னவர்கள் என் புகுந்த வீட்டில் வாழ்ந்ததில்லை. அங்கே ஆண்பிள்ளை பேசாமல் இருந்தால் முடியாது என்று அர்த்தம். என் மாமனார் அப்படித்தான் வாழ்ந்து முடித்தார் என்று மாமியாரே சொல்லியிருக்கிறார். ஒரு முறை கேட்டு இல்லையென்று ஆனபின் இன்னொரு முறை கேட்பவள் இல்லை நான். டெலிபோன் பூத்திலிருந்து அப்பாவிடம் பேசினேன். “அவருக்கு இஷ்டம் இல்லப்பா” என்றேன். அப்பா, “அதனால என்னாம்மா. ஊர் ஊரா மாத்திப் போறவரு. கெழவனையும் தூக்கிக்கிட்டு எங்கன்னு அலைவாரு” என்றார்.

அதற்குப் பிறகு அப்பா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. விடுமுறைக்கு நாகப்பட்டினம் போனால், தெருமுனையில் நின்று எனக்கு ஆள் விட்டு அழைத்து, கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மாப்பிள்ளையைப் பார்க்காமலே போய்விடுவார். “ஒங்கப்பாவுக்கு என்னையக் கண்டா புடிக்கல போலருக்கு” என்று இவர் ஒருமுறை சொன்னபோது, என்ன நடிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷம் கழித்து, பால்காரர் கூப்பிட்டுப் பதில் வராமல், பக்கத்து வீட்டார் கதவை உடைத்துத்தான் அப்பாவின் உடலை வெளியே எடுத்தார்கள். நான் இவரோடு சண்டை போடவில்லை. உள்ளுக்குள் ஒரு கதவைச் சாத்திக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு சைகோனில் சரக்குப் பரிசோதகர் வேலை கிடைத்து இருவரும் இங்கே வந்தபோதும் அந்தக் கதவு சாத்தியபடிதான் இருந்தது.

இப்போது புரியும், குழாயடியில் ஏன் அப்படி நின்றேன் என்று. இவருக்கு இடது காது கேட்காது என்பது உண்மையானால், அது எப்போதிலிருந்து? அந்த ரயில்வே கேட்டுக்கு முன்பா, பின்பா? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பின்பு என்றால் நான் பழையபடி கோபக்காரியாகவே இருந்துவிடலாம். முன்பு என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். முழங்காலுக்குத்தானே என்று நொண்டிக்கொண்டே வந்தவர், காது மருத்துவரின் அறை வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

கண்ணாடி பதித்த ஒரு சின்ன அறையில் அவரை உட்கார வைத்துக் காதுகளில் ஹெட்ஃபோன் மாட்டினார்கள். ஒலி கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வெளியே கருவியை இயக்கிய பெண்ணுக்குப் பின்னால் நான் நின்றேன். முதலில் வலது காது. ஒவ்வொன்றுக்கும் கை டக்கென்று உயர்ந்தது, பள்ளிக்கூடத்தில் முதல் வரிசைப் பையன் போல. பிறகு அந்தப் பெண் இடது காதுக்கு மாற்றினாள். கை முழங்கால் மேல் இருந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள், ஒலியைக் கூட்டினாள், மறுபடி அழுத்தினாள். கை முழங்கால் மேலேயே இருந்தது. அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதுகை நிமிர்த்தி, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார். பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

மருத்துவர் இளம்பெண். ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னாள். பெருஞ்சத்தத்தால் வந்த பாதிப்பு, மிகப் பழையது, இடது காதில் மிச்சம் என்று எதுவும் இல்லை. எப்போது ஆனது என்று கேட்டாள். அவர் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார். ஒரு பயிற்சிச் சுடுதல். பக்கத்தில் நின்ற பீரங்கி எதிர்பாராமல் வெடித்தது. காதில் பஞ்சு வைத்துக்கொள்வதைக் கோழைத்தனம் என்று நினைத்த காலம். கல்யாணத்துக்கு முந்தின வருஷம்.

முந்தின வருஷம்! என்னைப் பெண் பார்க்க வந்தபோதே இந்தக் காது இல்லை.

ஆஸ்பத்திரிக்கு எதிரே நடைபாதையில் கரும்புச்சாறு விற்கும் வண்டி இருந்தது. அதன் பக்கத்தில் கிடந்த தாழ்வான பிளாஸ்டிக் முக்காலிகளில் உட்கார்ந்தோம். தெரு முழுக்க மோட்டார் பைக்குகள். நான் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

“சொன்னா நீ யாருகிட்டயாவது சொல்லிருவே. லேடீஸ் கிளப்புல ஒரு வார்த்தை விழுந்தா மறுநாளே மெடிக்கல் போர்டுக்குப் போயிரும். காது போச்சுன்னா கடல் போச்சு. ஆபீசுல உக்கார வெச்சிருவாங்க.”

“வருஷா வருஷம் டாக்டர் பார்ப்பாரே?”

“கொஞ்ச தூரத்துல நின்னு முணுமுணுப்பாரு, நாம திருப்பிச் சொல்லணும். ஒரு காதை சோதிக்கறப்ப மத்த காதை டாக்டரோட ஆர்டர்லி விரல வெச்சு அடைப்பான். அவன் முன்னாடி எங்கிட்ட பீரங்கியில வேலை பார்த்தவன். சரியா அடைக்கமாட்டான்.” அதில் அவருக்கு இன்னும் கொஞ்சம் பெருமை இருந்தது. “கப்பல்ல ஒரு கஷ்டமும் இல்ல. அங்க எந்த உத்தரவு சொன்னாலும் கேட்டவன் திருப்பிச் சொல்லியே ஆகணும். திருப்பிச் சொல்லலைன்னா கேக்கலைன்னு அர்த்தம். இன்னொரு தடவை சொல்லுவாங்க. வீட்டுலயும் நீ எல்லாத்தையும் நாலு தடவை சொல்லுவியே, ஏதாவது ஒண்ணு காதுல விழுந்துரும்னு இருந்துட்டேன்.”

என்னைக் கட்டிக்கொண்டவருக்கு என்னிடம் இருந்த நம்பிக்கை அவ்வளவுதான். ஒரு ஆர்டர்லிக்குத் தெரிந்தது, மூட்டை தூக்குபவர்களுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன். முக்காலியை இழுத்துக்கொண்டு அவருக்கு வலது பக்கம் போனேன்.

“விசாகப்பட்டினத்துல ஒரு நாள் ரயில்வே கேட்டுல நின்னோம். அப்பாவைக் கூட்டியாந்து வெச்சுக்கலாமான்னு ஒங்களக் கேட்டேன்.”

அவர் புருவத்தைச் சுருக்கினார். “எப்ப? எந்த கேட்டு?”

“கேட்டேன். ஸ்கூட்டர்ல, பின்னால உக்காந்துகிட்டு.”

அவர் முகம் வெளிறிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். கையிலிருந்த சாற்றை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். “நீ கேக்கவே இல்லியே” என்றார். “நீ கேப்பே, கேப்பேன்னு இருந்தேன். மாப்பிள்ளை போயி மாமனாரை எங்க வீட்டுல வந்து இருங்கன்னா, ஒனக்கு வேற கதி இல்லன்னு சொல்ற மாதிரி ஆயிரும். பொண்ணு வீட்டுல கை நனைக்கவே யோசிக்கிற மனுஷன். மக ஆசைப்படறான்னு சொன்னா மரியாதையா வருவாருன்னு நெனச்சேன். விசாகப்பட்டினத்து வீட்டுல அந்தக் கடைசி ரூமுல தையல் மெஷினைக்கூட நான் ஏன் போட விடல? அவருக்காகத்தான் காலியா வெச்சிருந்தேன். நீ வாயே தொறக்கல. பெத்தவரைப் பக்கத்துல வெச்சுக்க ஒனக்கே மனசு இல்லையோன்னு...”

அந்த அறை எனக்கு நினைவுக்கு வந்தது. கிழக்குப் பார்த்த ஜன்னல், சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. மெஷினை அங்கே போடக் கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்காக ஒரு வாரம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. வருகிற விருந்தாளிகளுக்காக வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். எந்த விருந்தாளியும் அதில் தங்கியதில்லை. இத்தனை வருஷமும் அவர் என்னை ஈரமில்லாத மகள் என்று நினைத்துக்கொண்டு என்னோடு வாழ்ந்திருக்கிறார். நான் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துக்கொண்டு சோறு போட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. அடிபட்ட இடம் முதலில் மரத்துப்போகுமே, அப்படி இருந்தது.

சாறு பிழிகிறவள் டம்ளர்களை எடுக்க வந்தாள், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு எடுக்காமலே போய்விட்டாள். என் கணவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையோ கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. தெருமுனைப் பொட்டலங்கள், படி ஏறாத கால்கள், எல்லாவற்றையும் ஒன்றன் பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார் போலும். நான் பயந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

“ஒங்கப்பாகிட்ட என்னா சொன்னே?”

நான் என் டம்ளரின் விளிம்பை விரலால் துடைத்தேன்.

“நான் வேணாம்னுட்டேன்னு சொன்னியா?” அவர் குரல் மிகவும் சின்னதாகிவிட்டது. “சாகுற வரைக்கும் அவரு அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தாரா?”

“ஆமா” என்றேன். பைக்குகளின் இரைச்சலில் என் குரல் எனக்கே சரியாக விழவில்லை. அவருக்கு இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.